வொலஸும் அலி கொண்டுவந்த பறவையும்

கால்களே இல்லாத பறவை ஒன்று உண்டென்று ஐரோப்பியர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். நியூகினிப் பக்கத் தீவுகளிலிருந்து வணிகர் கொண்டுவந்த சொர்க்கப் பறவைகளின் உலர்ந்த தோல்களிற் கால்கள் காணப்படவில்லை. அத்தீவினர் தோலைப் பதப்படுத்தும்போது கால்களை வெட்டிவிடுவர் என்பதை அறியாமல், இப்பறவை நிலத்தில் இறங்குவதேயில்லை என்று கதை கட்டினர். 1758இல் லின்னேயஸ் ஓர் இனத்துக்குக் காலற்றது என்ற பொருளிலேயே பெயரிட்டார். காட்டுக்குள் சென்று பார்த்தவர் எவருமில்லாததால் வந்த வினை இது.

அப்படிச் சென்று பார்த்தவர்களுள் ஒருவரே அல்பிரட் ரசல் வொலஸ். 1823ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் திகதி வேல்ஸிலே பிறந்தார். வீட்டில் வறுமை, பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. நில அளவை வேலை செய்துகொண்டே தாவரங்களையும் வண்டுகளையும் தாமாகக் கற்றார். 1848இல் அமேசன் காடுகளுக்குப் போனார். உதவிக்கு வந்த தம்பி அங்கேயே மஞ்சட் காய்ச்சலில் இறந்தார். 1852இல் நாடு திரும்புகையில் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு முழுவதும் எரிந்துபோக, பத்து நாட்கள் சிறு படகில் மிதந்து உயிர் தப்பினார். வேறொருவராயின் அத்தோடு காட்டை மறந்திருப்பார். வொலஸ் இரண்டே ஆண்டுகளில் சிங்கப்பூரில் வந்திறங்கினார்.

சரவாக்கில் அலி என்னும் மலாய் இளைஞர் அவரிடம் சமையல் வேலைக்குச் சேர்ந்தார். பறவைகளைச் சுடவும் தோலுரித்துப் பதப்படுத்தவும் கற்று, விரைவில் அவருடைய தலைமை உதவியாளரானார். உயர்தர உயிரியல் மாணவியர் டார்வினோடு சேர்த்து வொலஸின் பெயரையும் படிப்பது, 1858இல் அவர் மலாய்த் தீவுகளிலிருந்து டார்வினுக்கு எழுதி அனுப்பிய இயற்கைத் தேர்வுக் கட்டுரையினால். அதே ஆண்டு ஒக்டோபரில் பச்சான் தீவில் நடந்ததை நாம் படிப்பதில்லை.

அன்று காட்டிலிருந்து திரும்பிய அலி, விசித்திரமான ஒரு பறவையை உயர்த்திக் காட்டினார். வொலஸுக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. மார்பிலே மரகதப் பச்சை. உடல் மங்கிய கபில நிறம். ஒவ்வொரு சிறகின் தோட்புறத்திலிருந்தும் இரண்டு நீண்ட வெள்ளை இறகுகள் கொடிகள் போல நீட்டி நின்றன. அது வரை விஞ்ஞானம் அறிந்திராத சொர்க்கப் பறவை அது. பெண் பறவைக்கோ பச்சை மார்புமில்லை, வெள்ளைக் கொடிகளுமில்லை. இறகின் அழகை மட்டும் பார்த்து இனம் பிரிப்பவர் இரண்டையும் வெவ்வேறு இனமென்றே எண்ணுவார். உயிரோடிருக்கும்போது ஆண் அவ்விறகுகளை விரும்பியபோது நிமிர்த்தும், மடக்கும். இவையெல்லாம் உலர்ந்த தோலைப் பார்த்து அறியக்கூடியவையல்ல.

1859இல் பிரித்தானிய அரும்பொருட்சாலையின் கிரே அதற்கு வொலஸின் பெயரை வைத்தார். அலியின் பெயர் அதில் இல்லை. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆயினும் வொலஸ் உண்மையை மறைத்தவரல்லர். பறவையைக் கொண்டுவந்தவர் அலியே என்று 1869இல் வெளிவந்த தம் பயண நூலில் தெளிவாக எழுதினார்.

எட்டு ஆண்டுகளில் அவர் சேர்த்த உயிரின மாதிரிகள் 125,660. அவற்றுள் பறவைகள் மட்டும் 8,050. 1862இல் சிங்கப்பூரில் இருவரும் பிரிந்தபோது அலிக்குப் பணமும் துப்பாக்கிகளும் கொடுத்து, அவரை ஒரு புகைப்படமும் எடுப்பித்தார். வொலஸ் 1913இல் தொண்ணூறாவது வயதிற் காலமானார். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு வெளியிட்ட சுயசரிதையில் அந்தப் புகைப்படத்தைச் சேர்த்திருந்தார்.