ஆளையே கூப்பிட்ட குரு

ஹிப்ஹாப் உலகில் குரு என்று ஒருவர் இருந்தார். நம்ம ஊர் குருகுலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைக் கோத்து அவரே வைத்துக்கொண்ட மேடைப் பெயர் அது. இயற்பெயர் கீத் இலாம். 2010 ஏப்ரல் 19 அன்று 48 வயதில் இறந்துபோனார். பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வளரும் நம்ம பிள்ளைகளில் ராப் கேட்காதவர்கள் குறைவு. ஆனாலும் இந்த மனிதரின் கதை பிள்ளைகளைவிட அவர்களின் அப்பா அம்மாவுக்குத்தான் சட்டென்று புரியும் என்று நினைக்கிறேன்.

ஏனென்றால் அவர் பிறந்த வீடு அப்படி. 1961-ல் பாஸ்டனின் ராக்ஸ்பரியில் பிறந்தார். அப்பா ஹாரி இலாம், பாஸ்டன் நகராட்சி நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. அம்மா பார்பரா, நகரப் பள்ளிகளின் நூலகப் பணிகளைக் கவனித்தவர். அண்ணன் ஸ்டான்ஃபோர்டில் நாடகத் துறைப் பேராசிரியர் ஆனார். கீத்தும் அட்லாண்டாவில், மார்ட்டின் லூதர் கிங் படித்த அதே மோர்ஹவுஸ் கல்லூரியில் வணிக நிர்வாகம் படித்து 1983-ல் பட்டம் வாங்கினார். நியூயார்க்கில் மேற்படிப்பைத் தொடங்கி, அதை விட்டுவிட்டு ராப் பாடப் போனார். அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நம்ம வீடுகளில் வளர்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

பாஸ்டனில் அவர் தொடங்கிய கேங் ஸ்டார் குழுவுக்கு, டெக்சாஸில் இருந்து வந்த டிஜே பிரீமியர் இன்னொரு தூணாக அமைந்தார். இவர் குரல், அவர் இசை. முதல் ஆல்பம் 1989-ல் வந்தது. அடுத்த ஆண்டே ஸ்பைக் லீயின் 'மோ பெட்டர் ப்ளூஸ்' படத்துக்காக ஜாஸின் வரலாற்றையே ஒரு பாட்டாகச் செய்தார்கள். சாக்சபோன் வாசிக்கும் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸும் அதில் இருந்தார்.

இங்கே சாம்பிளிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய இசைத்தட்டில் இருந்து இரண்டு விநாடி டிரம்பெட்டோ, ஒரு வரி பேஸ் கிடாரோ வெட்டி எடுத்து, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மேலே டிரம் போட்டால் ஹிப்ஹாப் பாட்டுக்கு அடித்தளம் ரெடி. வெட்டப்பட்ட இசையை வாசித்தவர் அந்த அறையில் இருக்க மாட்டார். பல சமயம் அவர் பெயரும் இருக்காது, பணமும் போகாது. 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மேல் நடந்த வழக்கில், அனுமதி இல்லாமல் எடுத்தது தப்பு என்று நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன்பிறகு கம்பெனிகள் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி கேட்டு அலைந்தன.

குரு வேறு மாதிரி யோசித்தார். தட்டில் இருப்பவர் உயிரோடுதானே இருக்கிறார், ஆளையே கூப்பிட்டால் என்ன? 1993 மே மாதம் வெளியான 'ஜாஸ்மாடாஸ்' முதல் தொகுதி அப்படித்தான் பிறந்தது. ராப் பாடியதோடு தயாரிப்பையும் அவரே பார்த்துக்கொண்டார்.

வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. டிரம்பெட் டொனால்ட் பேர்ட், வைப்ரபோன் ராய் ஏயர்ஸ், கீபோர்டு லானி லிஸ்டன் ஸ்மித். இதில் பேர்டின் கதை தனி. 1932-ல் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர், முனைவர் பட்டம் பெற்றவர். 1973-ல் 'பிளாக் பேர்ட்' என்று ஃபங்க் கலந்த ஆல்பம் போட்டார், அமோகமாக விற்றது. ஜாஸ் விமர்சகர்கள் காசுக்கு விலைபோய்விட்டார் என்று திட்டித் தீர்த்தார்கள். அந்தக் காலத்து இசையைத்தான் பின்னாளில் ஹிப்ஹாப் பசங்கள் தேடித்தேடி வெட்டினார்கள். அறுபது வயதில் அந்தப் பசங்களில் ஒருவரே அவரை ஸ்டூடியோவுக்கு அழைத்து, மைக் முன் நிறுத்தி, உறையிலும் பெயரைப் போட்டார்.

லண்டனில் இருந்து கோர்ட்னி பைன் வந்தார். ஜமைக்காவில் இருந்து குடியேறியவர்களின் மகன். பாரிஸில் இருந்து எம்சி சோலார்; சாட் நாட்டுப் பெற்றோருக்கு செனகலில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர், பிரெஞ்சிலேயே பாடிவிட்டுப் போனார். யாரையும் அமெரிக்க ஆங்கிலத்துக்கு மாறச் சொல்லவில்லை. எனக்கு அந்த ஆல்பத்தில் மிகவும் பிடித்தது இதுதான்.

குறை இல்லையா? இருக்கு. சில பாட்டுகளில் ஜாஸ்காரர்கள் ஓரமாக நின்று வண்ணம் பூசிவிட்டுப் போகிறார்கள். குருவின் குரல் ஏற்ற இறக்கம் இல்லாத ஒரே சுருதி. 1995-ல் வந்த இரண்டாம் தொகுதியில் விருந்தாளிகள் கூட்டம் அதிகம். ஆனால் முதல் தொகுதியில் பேர்ட் வாசிக்கும் 'லவுஞ்சின்' பாட்டைக் கேளுங்கள். ராப் நிற்கும் இடத்தில் டிரம்பெட் பேசும், டிரம்பெட் ஓயும் இடத்தில் ராப் எடுக்கும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசிக்கொள்வது போல.

நம்ம பிள்ளைகளும் இன்று லேப்டாப்பில் இளையராஜா பின்னணி இசையை வெட்டி பீட் செய்கிறார்கள். நல்லாவும் செய்கிறார்கள். அதே நேரம் இங்குள்ள கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரமும் தவிலும் நேரில் ஒலிக்கின்றன. வாசித்து முடித்ததும் அவர்களிடம் போய்ப் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர்? ஆஸ்திரேலியாவுக்கே இது புதிதல்ல. 1994-ல் பால் கிராபோவ்ஸ்கி தொடங்கிய ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ் குழு, மிருதங்க வித்வான் காரைக்குடி மணியோடு சேர்ந்து 'இன்டு தி ஃபயர்' என்ற ஆல்பமே செய்தது. வெள்ளைக்கார ஜாஸ்காரர்கள் நம் வித்வானைத் தேடிப் போய்க் கணக்குக் கற்றார்கள்.

குருவின் பிற்காலம் சோகமானது. 2003-க்குப் பிறகு கேங் ஸ்டார் ஆல்பம் வரவில்லை. அவரும் பிரீமியரும் விலகிப்போனார்கள். 2010 பிப்ரவரி இறுதியில் மாரடைப்பு வந்து கோமாவில் விழுந்தார். புற்றுநோயும் இருந்தது. அவர் எழுதியதாக ஒரு கடிதம் வெளியானது. அது அவருடையதே இல்லை என்று குடும்பத்தார் மறுத்தார்கள். சின்ன வயது மகனை விட்டுவிட்டுப் போனார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2019 நவம்பரில், கேங் ஸ்டார் பெயரில் இன்னொரு ஆல்பம் வந்தது. குரு விட்டுச்சென்ற குரல் பதிவுகளைச் சட்டப்படி பெற்று, அவற்றுக்கு ஏற்றபடி இசை அமைத்தவர் பிரீமியர்தான். டொனால்ட் பேர்டை நேரில் அழைத்து வாசிக்க வைத்தவர், இந்த முறை பழைய பதிவில் இருந்துதான் பாடினார்.