செபமும் மருந்தும்: மருத்துவர் கிறீன்

நோய் தீர்ப்பவர் இறைவனே என்றால் மருந்து எதற்கு? கிறித்தவ உலகில் நெடுங்காலமாக எழுந்துவரும் இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

1822-இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847-இல் அமெரிக்க மிஷன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியையும் மருத்துவக் கல்வியையும் தொடங்கினார். அங்கே வேதவாசிப்பும் செபமும் ஒருபுறம்; சத்திரமும் கட்டுத்துணியும் மறுபுறம். இரண்டும் தம்முள் பகை என்று அவர் எண்ணவில்லை. குணம் இறைவன் தருவது, மருந்து அவர் அருளிய வழி என்னும் நம்பிக்கையே அவருடைய பணிக்கு அடிப்படை.

அவ்வழி நோயாளியின் மொழியிலேயே அமையவேண்டும் என்றும் அவர் கண்டார். ஆங்கிலவழிக் கல்வி மாணவரை ஊர்மக்களிடமிருந்து பிரிப்பதை உணர்ந்து, 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம், பிரசவ வைத்தியம், இரண வைத்தியம் என நூல்கள் தமிழில் வெளிவந்தன. கலைச்சொல்லை முதலில் தமிழிலும், பின் வடமொழியிலும் தேடி, கிடையாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஏற்றார். 60-க்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார்.

பிறர் பிணி தீர்த்த அவருக்கே உடல்நலம் குன்றியது. 1873-இல் தாயகம் திரும்பியும் தமிழ் நூற்பணியைக் கைவிடவில்லை. 1884-இல் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற செய்தியையே தம் கல்லறையில் பொறிக்குமாறு விரும்பினார். சொல்லைத் தொழிலாகக் கொண்ட நாம் நன்றியோடு நினைக்கத்தக்க பெயர் அது.