கோபுரமும் இல்லமும்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே பத்துக் கல் தொலைவுகூட இராது. ஓர் ஊரின் பெருமை பதினொரு நிலைகளுடன் 192 அடி உயர்ந்து நிற்கும் கோபுரம். மற்றோர் ஊரின் பெருமைகளுள் ஒன்று, ஒருவர் மனமுவந்து ஈந்த வீடு. கட்டடக் கலையைப் பேசுவோர் முன்னதைப் போற்றுவர், பின்னதை மறந்துவிடுவர்.

பூ. ச. குமாரசுவாமி ராஜா 1898 சூலை 8ஆம் நாள் இராசபாளையத்தில் பிறந்தார். பிறந்த சில நாள்களில் அன்னையையும், மழலை மாறாப் பருவத்தில் தந்தையையும் இழந்தார். காந்தியடிகளின் வழியில் ஈர்க்கப்பட்டுக் காங்கிரசுத் தொண்டரானார். 1949 ஏப்ரலில் ஓமந்தூரார் விலகியபின் சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். 1950இல் குடியரசு மலர்ந்தபோது, பிரதமர் என வழங்கிய அப்பதவி முதலமைச்சர் என்று பெயர் மாறியது.

அரசு முத்திரையை ஓவியர் கிருஷ்ணாராவ் வரைந்ததும் அந்த 1949இல்தான். சிங்கத் தூணுக்குப் பின்னே கோபுரம் எழுந்தது. அது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்பதே பெருவழக்கு. மதுரை மேலைக் கோபுரம் என்பாரும் உளர். வழக்கு இன்றும் தீர்ந்தபாடில்லை. தீராமல் இருப்பதில் இரண்டு ஊராருக்கும் இன்பமே! எதுவாயினும், தமிழ்நிலம் தன் முகமாகத் தேர்ந்தது அரண்மனையையன்று, கோட்டையையுமன்று. 1951 முதல் சண்டிகர் நகருக்காகக் கார்புசியே புதுமைக் கட்டடங்களை வரைந்துகொண்டிருந்த காலத்தில், சென்னை அரசின் தாள்களிலோ பழங்கோபுரம் நிமிர்ந்து நின்றது.

அக்கோபுரம் கண்ணில் படும் தம் சொந்த வட்டாரத்திலேயே 1952 தேர்தலில் ராஜா தோற்றார். முதலமைச்சர் ஒருவருக்கு இதனினும் கசப்பான தீர்ப்பு ஏது? இராசாசி அப்பொறுப்புக்கு வந்தார். 1954இல் ராஜா ஒரிசாவின் ஆளுநரானார். செருமனியில் பிறந்த கோனிக்ஸ்பெர்கரின் திட்டப்படி, பழங்கோயில்களின் அருகே புவனேசுவரம் புதிய தலைநகராக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பழமையும் புதுமையும் அடுத்தடுத்து நிற்பதைக் காணும் வாய்ப்பு அவருக்கு அங்கும் அமைந்தது. 1956இல் அப்பதவியிலிருந்து விலகினார். 1957 மார்ச்சு 16இல் மறைந்தார்.

மூன்றாண்டு ஆட்சியை விடவும், ஆளுநர் பதவியை விடவும் என் நெஞ்சில் நிற்பது இராசபாளையத்தில் அவர் வாழ்ந்த இல்லம். அதைக் கலை வளர்ச்சிக்கென அவர் பொதுமக்களுக்கு ஈந்தார். அது காந்தி கலை மன்றம் ஆயிற்று. பெற்றோரைக் குழவிப் பருவத்திலேயே இழந்த ஒருவருக்கு வீடு என்பது வெறும் சுவரும் கூரையும் அன்று. அதனை விட்டுக்கொடுப்பது எளிதாக இருந்திருக்காது. கட்டடத்தில் ஒரு செங்கல்லும் மாறாமலே அதன் இயல்பு மாறிவிடும் விந்தை இங்கே நிகழ்ந்தது. வீட்டுக்கு வாயிற்காவல் உண்டு. மன்றத்துக்கு அது இல்லை. ஊரார் கூடும் மரத்தடிப் பொதுவிடத்தையே சங்கச் சான்றோர் மன்றம் என்றனர். அப்பழஞ்சொல்லுக்கு ராஜா தம் வீட்டையே பொருளாக்கித் தந்தார்.