எர்லாங்: தொலைபேசி நெரிசலைக் கணக்கிட்ட டென்மார்க் ஆசிரியர்

புதியதொரு கணனி வலையமைப்பை நிறுவ முற்படும் பொறியியலாளர், கம்பிகளைப் பதிக்கும் முன்னர் அதனைக் கணனிக்குள்ளேயே போலச்செய்து இயக்கிப் பார்க்கிறார். எத்தனை பாவனையாளர் ஒரே வேளையில் வருவர், எவ்வளவு நேரம் காத்திருப்பர், எத்தனை பேர் இணைப்புக் கிடைக்காமல் திரும்புவர் என்பனவே அவர் விடைகாண விரும்பும் வினாக்கள். கணனி பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இவ்வினாக்களைத் தாளும் பேனையும் கொண்டு தீர்க்க முற்பட்டவர், டென்மார்க் நாட்டைச் சேர்ந்த அக்னர் கிராருப் எர்லாங் ஆவார்.

அவர் 1878ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி, ஜட்லாந்துப் பகுதியிலுள்ள லொன்போர்க் என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பாடசாலை ஆசிரியர். தமையன் மேசையின் மறுபுறத்தில் அமர்ந்து நூலொன்றை வாசிக்கையில், சிறுவன் எர்லாங் எதிரேயிருந்து அதனைத் தலைகீழாகவே வாசித்து முடிப்பாராம். 14ஆவது வயதிலேயே கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் முதனிலைப் பரீட்சையில் சிறப்பாகச் சித்தியடைந்தார். எனினும் உடனே மேற்படிப்புக்குச் செல்லாமல், ஊர் திரும்பித் தந்தையின் பாடசாலையில் இரண்டு வருடங்கள் கற்பித்தார். பின்னர் புலமைப்பரிசில் பெற்று 1896இல் பல்கலைக்கழகம் புகுந்து, 1901இல் கணிதத்தை முதன்மைப் பாடமாகக் கொண்டு முதுமாணிப் பட்டம் பெற்றார்.

அதன் பின்னரும் அவர் ஏழு வருடங்கள் பாடசாலை ஆசிரியராகவே இருந்தார். டென்மார்க் கணிதவியலாளர் சங்கத்தின் கூட்டங்களில் ஜொஹான் ஜென்சன் என்பவரைச் சந்தித்திராவிடில் அவ்வாறே ஓய்வு பெற்றிருக்கவும் கூடும். உயர்கணித மாணவர் இன்று கற்கும் ஜென்சன் சமனிலி இவருடையதுதான். ஆனால் கணிதம் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடே. தொழிலால் அவர் கொப்பன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியின் தலைமைப் பொறியியலாளர். அவரது அறிமுகத்தினால் 1908இல் எர்லாங் அக்கம்பனியில் சேர்ந்து அதன் ஆய்வுகூடத்திற்குப் பொறுப்பானார். கம்பனியின் பணிப்பாளர் ஜொஹான்சன், வாடிக்கையாளர் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி ஏற்கனவே சிந்தித்து எழுதியிருந்தவர். ஆய்வாளர் ஒருவருக்கு இத்தகைய மேலதிகாரி வாய்ப்பது அரிது.

பிரச்சினை இதுதான். ஒரு மணித்தியாலத்தில் 300 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக இரண்டு நிமிடங்கள் நீடிக்கின்றது என்று கொள்வோம். மொத்தம் 600 நிமிடப் பேச்சு, அதாவது பத்து இணைப்புகளின் வேலை. அப்படியாயின் பத்து இணைப்புகள் போதுமா? போதா. மக்கள் முறைவைத்துப் பேசுவதில்லை. ஒரு கணத்தில் எவருமே அழைப்பதில்லை, மறுகணத்தில் இருபது பேர் அழைக்கின்றனர். பத்து இணைப்புகள் மட்டும் இருப்பின் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்ட அழைப்புகள் தோல்வியடையும். அத்தொகையை நூற்றுக்கு ஒன்றிலும் குறைப்பதற்கு 18 இணைப்புகள் வேண்டும். குறைத்தால் வாடிக்கையாளர் சினப்பர், கூட்டினால் செப்புக் கம்பிக்குக் கொட்டிய பணம் வீணாகும்.

1909இல் வெளியிட்ட கட்டுரையில், தற்செயலாக வரும் அழைப்புகள் புவசோன் பரம்பலுக்கு அமைவன என்று எர்லாங் காட்டினார். 1917இல் வெளிவந்த கட்டுரையே அவரது தலைசிறந்த ஆக்கம். தன்னியக்கத் தொலைபேசி நிலையங்களில் இழக்கப்படும் அழைப்புகளின் விகிதத்தையும், காத்திருக்க நேரிடும் வாய்ப்பையும் தரும் சூத்திரங்கள் அதில் இடம்பெற்றன. புதிய அழைப்புகள் இணைப்புகளை நிரப்பும் வேகமும், முடியும் அழைப்புகள் அவற்றை விடுவிக்கும் வேகமும் சமநிலைக்கு வரும் நிலையை அவர் ஆராய்ந்தார். இச்சூத்திரத்திலிருந்து வெளிப்பட்ட ஓர் உண்மை இன்றும் வியப்பளிப்பது. நூற்றுக்கு ஓர் அழைப்பை மட்டுமே இழக்கலாம் என்ற நிபந்தனையில், பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்ட நூறு இணைப்புகள் சுமார் 45 இணைப்புகளின் வேலையையே ஏற்கும். அதே நூறையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டால் 84 இணைப்புகளின் வேலையை ஏற்கும்.

இவ்வளவையும் அவர் மேசையிலிருந்தே செய்தார் என்று எண்ணலாகாது. நிலத்தினூடாகக் கசியும் மின்னோட்டங்களை அளப்பதற்காக, ஏணி சுமந்த தொழிலாளி ஒருவர் பின்தொடர, கொப்பன்ஹேகன் வீதிகளின் நிலக்கீழ்க் குழிகளுள் அவரே இறங்கினார். எழுத்திலோ அவர் மிகச் சுருக்கமானவர், சில இடங்களில் நிறுவல்களையும் விட்டுவிடுவார். டேனிய மொழியில் எழுதியவற்றை வாசிப்பதற்காகவே அமெரிக்காவின் பெல் ஆய்வாளர் ஒருவர் அம்மொழியைக் கற்றதாகச் சொல்லப்படுகிறது. பிரித்தானியத் தபால் திணைக்களமும் அவரது சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது. திருமணம் செய்யாத அவர் நூல்களைச் சேர்ப்பதிலும் வறியவருக்கு உதவுவதிலும் தம் வருவாயைச் செலவிட்டார். ஏறக்குறைய இருபது வருடங்கள் கம்பனியில் பணியாற்றியபின் வயிற்று நோயுற்று, 1929 பெப்ரவரி 3ஆம் திகதி தமது 51ஆவது வயதில் காலமானார். 1946இல் தொலைபேசிப் போக்குவரத்தின் சர்வதேச அலகுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. ஓர் இணைப்பு ஒரு மணித்தியாலம் முழுவதும் இடையறாது பயன்படின் அது ஓர் எர்லாங்.

கணனிகள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கியபோது இக்கணிதமே கைகொடுத்தது. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் லெனாட் கிளைன்ரொக் சமர்ப்பித்த ஆய்வு, செய்திகள் வலையமைப்பில் வரிசையாகக் காத்திருப்பதை இவ்வழியிலேயே ஆராய்ந்து, கணனியில் போலச்செய்தும் சரிபார்த்தது. இன்று போலச்செய்யும் நிரல் எழுதுபவர், முதலில் எளியதொரு நிலைமையைக் கொடுத்து, எர்லாங்கின் விடை வருகிறதா என்று பார்ப்பது வழக்கம். வராவிடின் பிழை நிரலிலேயே உள்ளது.

ஆயினும் அச்சூத்திரத்திற்கும் எல்லை உண்டு. 1990களின் முற்பகுதியில் பெல்கோர் ஆய்வகத்தினர் ஈதர்நெட் வலையமைப்பை அளந்தபோது, தரவுப் பொதிகள் புவசோன் பரம்பலுக்கு அடங்காது, எக்கால அளவில் நோக்கினும் கொத்துக் கொத்தாக வருவதைக் கண்டனர். பழைய கணிதத்தை நம்பிய போலச்செய்தல்கள் நெரிசலைக் குறைவாகவே மதிப்பிடும் என்பது இதன் பொருள். 1995இல் வேர்ன் பக்ஸன், சலி புளொய்ட் ஆகியோர் பரந்த வலையமைப்புகளிலும் இதனையே கண்டனர். ஆனால் மனிதர் தொலைக் கணனி ஒன்றோடு தொடர்பைத் தொடங்கும் நேரங்களை மட்டும் தனியாக எடுத்து நோக்கியபோது, அவை 1909ஆம் ஆண்டுக் கட்டுரை கூறிய பரம்பலுக்கே அமைந்திருந்தன.