டோனாவூர் அம்மா

வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் 1867-ஆம் ஆண்டு பிறந்தவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார். ஜப்பானில் தொண்டு செய்யச் சென்று உடல்நலம் குன்றித் திரும்பினார். 1895-இல் பெங்களூர் வந்தவர், சாகும்வரை தாய்நாட்டுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமியரை மீட்டதையே பலரும் விரித்துரைப்பர். எனக்கோ அவர் இம்மண்ணில் வேரூன்றிய விதமே பெரிதாகப் படுகிறது. காய்ச்சல் வாட்டிய நிலையிலும் நெல்லைச் சீமையில் வாக்கர் பாதிரியாரிடம் தமிழ் கற்றார்; சேலை உடுத்தினார்; தமிழ்ப் பெண்கள் சிலருடன் மாட்டுவண்டியில் ஊரூராகச் சென்றார். 1901 மார்ச்சில் தேவதாசியர் வீட்டிலிருந்து தப்பிவந்த ஏழு வயதுச் சிறுமி அடைக்கலம் புகுந்தாள். அவளைத் தொடர்ந்து மற்றவர்களும் வரவே, பயணம் குறைந்தது, டோனாவூரே வீடாயிற்று. போதிக்க வந்தவள் ஆயா வேலை பார்ப்பதா என்ற கேள்வி அவர் மனத்திலேயே எழுந்து அலைக்கழித்தது. குழந்தைகளை விட்டுப்போக அவரால் இயலவில்லை.

கைக்குழந்தைகள் வந்தபின் தொல்லை பெருகிற்று. பிறர் பிள்ளைக்குப் பாலூட்ட முன்வரும் தாய்மார் அரிது. மருத்துவ வசதியுள்ள நெய்யூரில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை அச்சிசுக்களைப் பேணினார். வயிற்றுக்கடுப்பு பரவிப் பல சிசுக்கள் மாண்டபோதும் அவர் பின்வாங்கவில்லை. 1915-இல் புற்றுநோயால் இறந்த அந்தப் பொன்னம்மாளை நாம் அறவே மறந்துவிட்டோம். அவரின்றி அவ்வில்லம் நிலைத்திருக்குமா?

1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்ந்தனர். 1931-இல் தவறி விழுந்தபின் அம்மையார் பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்து நூல்கள் எழுதினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது. 1951 சனவரி 18-இல் அவர் மறைந்தார். தமக்குக் கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்த ஒரு தொட்டி வைத்தார்கள்.