நாடாவும் நாற்காலியும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டுக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்று பெருமை பேசுவார்கள். ஏறுவோர் ஏறட்டும், அது அவரவர் நம்பிக்கை, அவரவர் முழங்கால்! தோழர்களே, நான் உங்களை அழைப்பது ஊருக்கு மேற்கே, பொதட்டூர்ப்பேட்டை, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம். தெருவுக்குள் நாம் நுழையுமுன்பே விசைத்தறிச் சத்தம் நம் காதுக்குள் நுழைந்துவிடும். அங்கே தறி ஓட்டும் தோழரைக் கேட்டுப் பாருங்கள். எந்தத் தறியின் நாடா தடம் மாறித் தெறிக்கும், எந்தப் பெல்ட் அறுந்து அடிக்கும், எந்த மின்கம்பி தோலுரிந்து தொங்குகிறது என்று விரல்விட்டுச் சொல்வார். ஆபத்து இருக்குமிடம் அவருக்குத் தெரியும். அவரைக் கேட்பார் யார்?

கேட்கத்தான் வேண்டும், எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்று டில்லியிலே செய்து காட்டிய ஒருவர் இருந்தார். அரசியல் சட்டத்தை வகுத்தவர் என்று அவரை ஊர் அறியும். நான்காண்டுக் காலம் தொழிலாளர் துறையை நடத்தியவர் என்பதை நம் தோழர்களிலேயே பலர் அறியார். டாக்டர் அம்பேத்கரைச் சொல்கிறேன்.

1891 ஏப்ரல் 14-இல் மாவ் படைமுகாமிலே பிறந்தார். தகப்பனார் ராம்ஜி, பட்டாளத்திலே சுபேதார். பட்டாளத்துச் சட்டை போட்டும் தீட்டுப் போகவில்லை! பள்ளியிலே பிள்ளை தனியே கோணிமேல் உட்கார்ந்தான். தண்ணீர்க் குழாயைத் தொட உரிமை இல்லை. குடும்பம் பம்பாய்க்கு வந்தபோது குடியேறியது பரேலிலே, ஆலைத் தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பிலே, ஒற்றை அறையிலே. சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே, படிப்பும் அங்கே. இரவு 2 மணிக்குத் தகப்பனார் எழுப்பிவிடுவார். சந்தடி அடங்கிய நேரத்தில் பிள்ளை படிப்பான். பிறகு கொலம்பியா, லண்டன், பட்டத்தின்மேல் பட்டம். அவற்றை மேடைதோறும் கேட்டிருப்பீர்கள், விட்டுவிடுகிறேன். அத்தனை பட்டங்களோடு திரும்பியவர் குடியிருந்ததும் அதே பரேல் தொழிலாளர் குடியிருப்பிலேதான்.

அந்த ஆலைகளிலே ஒரு விந்தை! நூற்புப் பகுதியிலே தாழ்த்தப்பட்டவர் வேலை செய்யலாம். நெசவுப் பகுதிக்குள் கால்வைக்கக் கூடாது. கூலி அதிகம் கிடைப்பதோ நெசவிலே. ஏன் இந்தத் தடை? தார் தீர்ந்ததும் புதுத் தாரை நாடாவிலே வைத்து, நூல்முனையை அதன் கண்வழியே வாயால் உறிஞ்சி இழுப்பது அந்நாளைய வழக்கம். ஒருவர் வாய் பட்ட நாடா இன்னொருவர் வாய்க்குப் போகும். தாழ்த்தப்பட்டவன் வாய் பட்டால் தீட்டாம்!

சற்றே எண்ணிப் பாருங்கள். உறிஞ்சும்போது பஞ்சுத் தூசு உள்ளே போகிறது. ஒருவரது காசநோய் அடுத்தவருக்குப் போகிறது. அமெரிக்காவிலே மாசசூசெட்ஸ் மாநிலம் 1911-லேயே வாயால் உறிஞ்சும் நாடாவுக்குத் தடை போட்டுவிட்டது. இங்கே நாடாவிலே நோயைப் பார்க்கவில்லை, சாதியைப் பார்த்தார்கள். எச்சில் எவனுடையது என்று சண்டை. எச்சில் எதற்கு என்று கேட்க ஆளில்லை!

1928-இல் பம்பாய் ஆலைகளிலே மாபெரும் வேலைநிறுத்தம். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர், ஆறு மாதம். அம்பேத்கர் வேலைநிறுத்தத் தலைவர்களிடம் போனார். எல்லாப் பகுதியிலும் தாழ்த்தப்பட்டவர் வேலை செய்யும் உரிமையைக் கோரிக்கையிலே சேர்த்தாக வேண்டும், இல்லையேல் எம்மவர் விலகிக்கொள்வர் என்று அழுத்தமாகச் சொன்னார். செங்கொடி பிடித்த தலைவர்களும் மனமின்றியே சேர்த்தார்கள். முதலாளிகளுக்கோ நல்ல கேலி! இது நாங்கள் செய்த அநீதியா, உங்களுக்குள் இருப்பதுதானே என்று கைகழுவினர். முதலாளியிடம் அடி வாங்கலாம், கேலி வாங்கலாமா? தொழிலாளி தொழிலாளியைத் தள்ளிவைத்தால் ஆதாயம் யாருக்கு என்பதை அந்தக் கேலியே காட்டிற்று.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கண்டார். 1938 நவம்பர் 7-இல், வேலைநிறுத்த உரிமையைக் கட்டிப்போட வந்த சட்டத்தை எதிர்த்துப் பொதுவுடைமைத் தோழர்களோடு சேர்ந்து பம்பாயிலே வேலைநிறுத்தம் நடத்தினார். 1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் சென்று அவரைச் சந்தித்தார்.

1942 ஜூலையிலே வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. ஒற்றை அறைக் குடியிருப்பிலிருந்து டில்லி மாளிகைக்கு! வந்த சில வாரத்திலேயே, ஆகஸ்ட் 7-இல், தொழிலாளர் மாநாடு அவர் தலைமையிலே கூடிற்று. அதற்கு முந்தைய மூன்று கூட்டங்களிலும் அரசாங்கத்தார் மட்டுமே கூடிப் பேசிக் கலைந்தனர். இம்முறை ஒரே மேசையிலே அரசாங்கம், முதலாளி, தொழிலாளி மூவருக்கும் நாற்காலி. மூவரும் தொடர்ந்து கூட நிலைக்குழுவும் அமைந்தது.

மேசையோடு நிற்கவில்லை. 1943 டிசம்பரில் தன்பாத் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தாமே இறங்கிப் பார்த்தார். 1944-இல் நிலக்கரித் தொழிலாளர் நல நிதி வந்தது. 1945-இல் தொழிற்சாலைகளின் தலைமை ஆலோசகர் அலுவலகம் டில்லியில் தோன்றியது. 1946-இல் வாரத்துக்கு 54 மணி வேலை 48 ஆயிற்று. களைத்த கை இயந்திரத்துக்குள் போகும் என்பது தறியோட்டிக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1944 செப்டம்பரில் சென்னைக்கும் வந்தார். நீதிக் கட்சியார் விருந்தளித்தனர். விருந்திலேயே, கட்சி ஏன் தோற்றது என்று முகத்துக்கு நேரே எடுத்துச் சொன்னார்!

குறையும் உண்டு, மறைக்க நான் புராணம் எழுதவில்லை. சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்குவது 1937-இல் நிறுத்தப்பட்டிருந்தது. போர்க்காலத்தில், 1943-இல், அவர் துறையே அந்தத் தடையைத் தளர்த்தியது. சட்டசபையிலே கண்டனம் எழுந்தபோது அவர்தான் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1946 பிப்ரவரி 1-இல்தான் தடை திரும்பிற்று. மேசைக்கு வந்த நாற்காலிகளிலே அந்தப் பெண்களுக்கு ஒன்று இருந்ததா?

1956 டிசம்பர் 6-இல் கண்மூடினார். அதே தன்பாத் பக்கம் 1975 டிசம்பர் 27-இல் சாஸ்நாலாச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1984 டிசம்பர் 2 இரவு போபால்! அந்த நச்சுப்புகை ஆலையைப் பற்றித் தொழிற்சங்கத் தோழர்கள் 1982-லேயே ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டி எச்சரித்திருந்தனர். சுவர் படித்தது, ஆலை படிக்கவில்லை. ஆள்குறைப்பு நடந்தது, குளிரூட்டும் கருவி நிறுத்தப்பட்டது, வேலைமுறைக் குறிப்புகளோ ஆங்கிலத்திலே. ஆயிரமாயிரம் உயிர் போன பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்திலே திருத்தம் வந்தது. ஆபத்தான தொழில் நடக்கும் ஆலைகளிலே பாதுகாப்புக் குழு, அதிலே நிர்வாகத்தாரும் தொழிலாளரும் சம எண்ணிக்கை, உடனடி ஆபத்து என்றால் எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு. 1942-இல் டில்லியிலே போட்ட நாற்காலி ஆலைக்குள் வர 45 ஆண்டு!

அதுவும் பெரிய ஆலைக்கு. பத்துப் பேர்கூட இல்லாத நம் தறிக்கொட்டகைகளை அந்தச் சட்டம் எட்டிப் பார்க்கவில்லை. 1960 ஏப்ரல் 1-இல் நம்மோடு சேர்ந்த எல்லை மண் இது. ஒரே கொட்டகையிலே ஒருவர் தமிழ் பேசுவார், பக்கத்துத் தறிக்காரர் தெலுங்கு பேசுவார். மின்பலகை மேலே எந்த மொழியிலே எழுதியிருக்கிறது என்று கிளைத் தோழர்கள் போய்ப் பார்த்து வரட்டும். அடுத்த கூலிப் பேச்சுக்கு உட்காரும்போது, கூலிக் கணக்கோடு பெல்ட்டுக்கு மூடியும், தெறிக்கும் நாடாவுக்குத் தடுப்பும், கம்பிக்கு உறையும் கோரிக்கைத் தாளிலே ஏறட்டும். தறியோட்டும் பெண் ஒருவரும் அந்தப் பேச்சுக்கு வந்து உட்காரட்டும்.