வானியற் பேரறிஞர் கெப்பிளர்

கோள்கள் இயங்கும் நெறியை உலகிற்கு உணர்த்தியவர் யாவர் என வினவின், நம்மிற் பலர் கலிலியோவையும் நியூற்றனையுமே கூறுவர். அவ்விருவரோடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொருவர் யோகான் கெப்பிளர். வறுமையும் பிணியும் போரும் சூழ்ந்த வாழ்விலே, மிகச் சிறியதொரு வேறுபாட்டை அவர் புறக்கணியாது விட்டமையால் வானியல் புதுநெறி கண்டது. அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கெப்பிளர் 1571ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் நாள் ஜேர்மனியின் தென்மேற்கிலுள்ள வைல் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கூலிப்படையிற் சேர்ந்து போர்க்களம் நாடிச் சென்றவர். ஈற்றில் வீடு திரும்பாதே போயினார். இளமையிற் கண்ட பெரியம்மை கெப்பிளரின் கண்ணொளியைக் குன்றச் செய்தது. எனினும் 1577இல் தோன்றிய பெரிய வால்வெள்ளியை அன்னையார் அவருக்குக் காட்டினார். அக்காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பின்னர்த் தூபிங்கன் பல்கலைக்கழகத்திலே சமயகுருவாகும் நோக்கோடு பயின்றார். ஆங்கு மெசுத்திலின் என்னும் ஆசிரியர், ஞாயிற்றைச் சுற்றியே புவி செல்கின்றது என்னும் கொப்பேணிக்கசின் கொள்கையை அவருக்கு விளக்கினார்.

1594இல் கிராசு நகரப் பாடசாலையொன்றிற் கணித ஆசிரியரானார். முதலாண்டில் அவரிடம் பயின்றோர் மிகச் சிலர், இரண்டாமாண்டில் ஒருவருமிலர். ஆயினும் ஆசிரியர் சோர்ந்தாரல்லர். 1596இல் கோள்களின் அமைப்பைப் பற்றித் தம் முதல் நூலை வெளியிட்டார். சமயப் பிணக்குக் காரணமாக 1600இல் அந்நகரை விட்டு வெளியேற்றப்பட்டபோது, பிராகு நகரில் அரசவை வானியலாராய் விளங்கிய தைக்கோ பிராகியைச் சென்றடைந்தார்.

தொலைகாட்டி தோன்றுமுன்னரே, பெருங் கருவிகளின் துணையால் வெறுங்கண்ணாற் கோள்நிலைகளைப் பல்லாண்டு அளந்து குறித்து வைத்தவர் தைக்கோ. 1601இல் அவர் இறந்தபின் அக்குறிப்புகள் கெப்பிளர் கைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு செவ்வாயின் வழியை அறிய முனைந்தார். விண்பொருள்கள் வட்டத்திலேயே செல்லும் என்பது ஈராயிரம் ஆண்டாக அறிஞர் யாவரும் ஐயுறாது கொண்ட முடிபு. கெப்பிளரும் அதனையே நம்பி, மிக நுட்பமான வட்டக்கணக்கு ஒன்றை நெடுநாள் உழைத்து ஆக்கினார். அக்கணக்கு கூறிய இடத்திற்கும் தைக்கோ கண்ட இடத்திற்கும் சிற்சில வேளைகளில் எட்டுக் கலை வேறுபாடு காணப்பட்டது. பாகையொன்றின் அறுபதில் ஒரு கூறே கலையாகும். எட்டுக் கலை, நம் கண்ணுக்குத் தோன்றும் முழுமதியின் அகலத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு.

இத்துணைச் சிறிய வேறுபாட்டை, அளந்தவர் கைப்பிழை என்று கூறித் தள்ளியிருத்தல் எளிது. தள்ளியிருப்பின் அவருழைப்பும் வீணாகியிராது, வட்டக்கொள்கையும் நிலைத்திருக்கும். ஆனால், தைக்கோ அத்துணைப் பிழைபட அளப்பவரல்லர் என்பதைக் கெப்பிளர் நன்கு அறிவார். எனவே, தம் கணக்கையே கைவிட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். பல்லாண்டு முயற்சியின் பின், செவ்வாய் செல்வது வட்டத்திலன்று, நீள்வளையத்தில் எனக் கண்டார். அவ்வளையத்தின் நெடிய விட்டத்திற்கும் குறுகிய விட்டத்திற்கும் உள்ள வேற்றுமை நூற்றுக்கு அரைப்பங்குகூட இல்லை என்பதை நோக்கின், அவர் கண்ட நுட்பம் புலனாகும்.

1609இல் வெளிவந்த நூலில் இரு விதிகளைக் கூறினார். கோளின் வழி நீள்வளையம். அதன் இரு குவியங்களுள் ஒன்றில் ஞாயிறு நிற்கும். ஞாயிற்றை அணுகுங்கால் கோள் விரைந்தும், அகலுங்கால் மெல்லவும் செல்லும். இரண்டையும் இணைக்கும் கோடு சம காலத்திற் சம பரப்பைக் கடக்கும். மூன்றாம் விதியை 1618இற் கண்டார். புவியின் தூரத்தையும் ஆண்டையும் ஒன்றெனக் கொண்டால், வியாழனின் தூரம் 5.2, சுற்றுக்காலம் 11.86 ஆண்டு. முன்னதன் கனமும் பின்னதன் வர்க்கமும் 140க்குச் சற்று மேற்பட்ட ஒரே எண்ணாதலைக் காணலாம். ஏனைய கோள்களுக்கும் இப்பொருத்தம் உண்டு.

இவ்வாராய்ச்சிக் காலம் அவருக்கு இன்பமாய்க் கழிந்ததன்று. 1611இல் மனைவியையும் மைந்தன் ஒருவனையும் இழந்தார். 1615இல் அவர் அன்னையார் மீது சூனியக்காரி என்னும் பழி சுமத்தப்பட்டது. 1620இல் அம்முதியவர் சிறையிடப்பட்டார். அக்காலத்தில் அப்பழிக்கு ஆளாகி உயிரிழந்தோர் பலர். கெப்பிளர் தம் பணியை விட்டுச் சென்று, குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அயலார் உற்ற நோய்களுக்கு இயற்கைக் காரணம் உண்டெனக் காட்டி மறுத்தார். 1621இல் அன்னையார் விடுதலை பெற்றார். செவ்வாயை ஆராய்ந்த அறிவே அன்னையையும் காத்தது எனலாம்.

1627இல் கோள்நிலை அட்டவணைகளை வெளியிட்டார். அரசர் தரவேண்டிய ஊதியம் பெருந்தொகையாய் நிலுவையில் நிற்க, 1630 நவம்பர் 15ஆம் நாள் இறேகன்சுபேக்கு நகரில் உயிர் நீத்தார். போரினால் அவர் கல்லறையும் அழிந்தது. ஆயின், அவர் முன்னரே கணித்துரைத்தவாறு 1631 நவம்பர் 7ஆம் நாள் புதன் ஞாயிற்றின் முகத்தைக் கடந்ததைப் பாரிசு நகரிற் கசெண்டி என்னும் அறிஞர் தொலைகாட்டியின் துணையாற் கண்டார்.

1687இல் நியூற்றன் தம் ஈர்ப்புக் கொள்கையை நிறுவ, இவ்விதிகள் பெருந்துணையாயின. 1957 முதல் மனிதன் ஏவிய செயற்கைத் துணைக்கோள்களும் இவ்விதிகளின்படியே புவியைச் சுற்றுகின்றன. 2009இல் ஏவப்பட்டு அவர் பெயர் தாங்கிய விண் தொலைகாட்டி, 2018இல் ஓயுமுன், வேறு விண்மீன்களைச் சுற்றும் 2600க்கு மேற்பட்ட கோள்களைக் கண்டறிய உதவிற்று.

ஆய்கூடத்திற் பெற்ற எண் நூலிற் கண்ட எண்ணோடு ஒவ்வாதபோது, அதனைச் சற்றே திருத்தி எழுத ஆசை தோன்றுதல் மாணவர்க்கு இயல்பு. அவ்வேளையில் எட்டுக் கலையை நினைவு கூர்வார்களாக. தமக்கு இனிய கொள்கையிலும் பிறர் உண்மையாய் அளந்த அளவே பெரிதென மதித்த கெப்பிளரின் வாழ்வு, கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் என்றும் வழிகாட்டியாய் விளங்கும் என நம்புகின்றோம்.